தியாக்ரசி என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

ஈரான் பற்றிச் செய்தி வந்தால் தியாக்ரசி, சவுதி பற்றி வந்தால் தியாக்ரசி, ஒரு சாமியார் தேர்தலில் நின்றால் தியாக்ரசி, அரசு விழாவில் பூமி பூஜை போட்டால் அதுவும் தியாக்ரசி. இப்படி எல்லாவற்றின் மேலும் ஒரே சொல்லைத் தூக்கிப் போட்டால் அது வெறும் வசவாகிவிடும். மதமும் அரசும் ஒட்டிக்கொள்ளும் விதங்கள் பல. அவற்றில் ஒன்றுக்குத்தான், அதாவது கடவுளின் பெயரால் மதகுருமார் ஆள்வதற்குத்தான், இந்தப் பெயர், மற்றவற்றுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன.

இந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது: முடிவு யார் கையில்? நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது, அல்லது மன்னர் ஓர் ஆணை போடுகிறார். 'இது கடவுளின் சட்டத்துக்கு ஒத்துவராது' என்று சொல்லி அதை அப்படியே நிறுத்திவைக்கும் அதிகாரம், மதகுரு என்ற தகுதியாலேயே ஒருவருக்கோ ஒரு சபைக்கோ இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆலோசனை சொல்லலாம், கண்டித்து அறிக்கை விடலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றால் வேறு சொல் தேடுங்கள். பாகிஸ்தானில் இஸ்லாமியக் கருத்தியல் மன்றம் என்று ஒன்று 1973 அரசியலமைப்பிலேயே இருக்கிறது, சட்டங்கள் மார்க்கத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை, ஆனால் அது சொல்வதை நாடாளுமன்றம் கேட்டே தீர வேண்டும் என்றில்லை. அந்த மன்றத்தை மட்டும் காட்டி அந்த நாட்டை தியாக்ரசி என்று எழுத முடியாது.

சொல் பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு நூலில் உருவாக்கிய சொல் இது. தியோஸ் என்றால் கடவுள், க்ராட்டோஸ் என்றால் அதிகாரம். சில நாட்டார் ஒருவர் கையில் ஆட்சியைக் கொடுத்தார்கள், சிலர் ஒரு சிலர் கையில், சிலர் மக்கள் கையில். எங்களுக்குச் சட்டம் தந்த மோசே மட்டும் எல்லா அதிகாரத்தையும் கடவுளிடம் ஒப்படைத்தார் என்பது அவர் வாதம். அந்தச் சொல் கொஞ்சம் வலிந்து செய்ததுதான் என்று அவரே சொல்லிவிடுகிறார். அப்புறம் அதே நூலில் கொஞ்சம் தள்ளி, கடவுளின் பெயரால் பெரிய காரியங்களை நடத்துவது குருமார், அவர்களுக்கு மேலே தலைமைக் குரு என்கிறார். ஆக, கடவுளே அரசர் என்பது ஒரு பொருள், கடவுளின் சார்பில் குருமார் ஆள்வது இன்னொரு பொருள். கடவுள் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் நடைமுறையில் இரண்டாவதுதான் நிலைத்தது. அதை மட்டும் தனியாகக் குறிக்க ஆங்கிலத்தில் ஹையரோக்ரசி என்ற சொல்லும் உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதாதவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஈரானை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

இந்தச் சொல்லுக்கு இன்றைக்கு மிகப் பொருத்தமான உதாரணம் 1979 புரட்சிக்குப் பின் வந்த ஈரானிய அரசியலமைப்புதான். அங்கே நாடாளுமன்றம் உண்டு, அதிபர் உண்டு, தேர்தல் உண்டு. இதைப் பார்த்துவிட்டு 'தேர்தல் நடக்கிறதே, அப்புறம் எப்படி?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காவலர் மன்றம் (கார்டியன் கவுன்சில்) என்ற அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 12 பேர். 6 பேர் மார்க்கச் சட்ட அறிஞர்கள், அவர்களை நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருக்கும் மதகுருவான உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மீதி 6 பேர் சட்ட வல்லுநர்கள், நீதித்துறைத் தலைவர் கொடுக்கும் பட்டியலிலிருந்து நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பதும் உச்சத் தலைவர்தான். நாடாளுமன்றம் நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டமும் இந்த 12 பேரிடம் போக வேண்டும். அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு எல்லோரும் வாக்களிக்கலாம், மார்க்கத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அந்த 6 மதகுருமார் மட்டும்தான். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

தேர்தலில் யார் நிற்கலாம் என்று வடிகட்டுவதும் இதே மன்றம். 2013 அதிபர் தேர்தலில் ரஃப்சஞ்சானியையே நிற்க விடவில்லை. அவர் இரண்டு முறை அதிபராக இருந்தவர், தலைப்பாகை கட்டிய மதகுருவும்கூட. மறுபக்கம், 2005 முதல் 2013 வரை அதிபராக இருந்த அஹமதிநெஜாத் மதகுருவே இல்லை. அதனால் அந்த எட்டு ஆண்டுகள் ஈரான் தியாக்ரசியாக இல்லாமல் போய்விட்டதா? இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன உடை போட்டிருக்கிறார் என்பது இங்கே கணக்கில் வராது, அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

இங்கேயே ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் செய்திகளில் உச்சத் தலைவரை 'ஆன்மிகத் தலைவர்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அது ஆளையே மாற்றிக் காட்டுகிறது. முப்படைகளின் தலைமை, நீதித்துறைத் தலைவர் நியமனம், அரசுத் தொலைக்காட்சித் தலைவர் நியமனம் எல்லாம் அரசியலமைப்பின் 110ஆம் பிரிவுப்படி அந்தப் பதவியில்தான் இருக்கின்றன. ஆசிரமத்தில் உட்கார்ந்து ஆசி வழங்குபவரைக் குறிக்கும் சொல்லை அவருக்குப் போட்டால், படிப்பவருக்கு அந்த ஆட்சி எப்படி நடக்கிறது என்றே புரியாது. உச்சத் தலைவர் என்றே எழுதுங்கள்.

இன்னொரு சிக்கலும் ஈரானிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டியது. தியாக்ரசி என்றால் மத நூலில் இருப்பதெல்லாம் அப்படியே சட்டம் என்று நினைப்போம். 1988 ஜனவரியில், புரட்சிக்குத் தலைமை தாங்கிய முதல் உச்சத் தலைவர் கொமேனி எழுதிய கடிதம் ஒன்று வேறு மாதிரி சொன்னது: இஸ்லாமிய அரசே மார்க்கத்தின் முதன்மையான கட்டளைகளில் ஒன்று, தேவைப்பட்டால் தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் மேலாக அதற்கு முன்னுரிமை உண்டு. நாடாளுமன்றமும் காவலர் மன்றமும் முட்டிக்கொண்டே இருந்ததால், அதே ஆண்டில், அரசின் நலன் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு மன்றம் வந்தது. மதம் அரசைப் பிடித்தால் அரசும் மதத்தைத் திருப்பிப் பிடிக்கும் என்பது எனக்கு இதில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஷியா மதகுருமார் எல்லோரும் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவர்களும் அல்லர். ஈராக்கின் நஜஃபில் இருந்த பெரிய அறிஞர் அயதுல்லா கோயி, அறிஞர்களுக்கு இப்படி நாட்டை ஆளும் அதிகாரம் உண்டு என்ற கொள்கையையே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் 'ஷியாக்களின் தியாக்ரசி' என்று எழுதாதீர்கள், ஈரான் அரசின் தியாக்ரசி என்று எழுதுங்கள்.

சவுதி அரேபியாவுக்கு வந்தால் கதை வேறு. 1992 அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவே குர்ஆனும் நபிவழியும்தான் அரசியலமைப்பு என்கிறது. 1744 வாக்கில் இன்றைய மன்னர் குடும்பமான சவூத் குடும்பமும் மார்க்க அறிஞர் இப்னு அப்துல் வஹாபும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து மதகுருமார் கூடவே இருக்கிறார்கள். ஆனால் மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மன்றத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் மன்னர். பெண்கள் கார் ஓட்டக்கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடிய மதகுருமார் அங்கே நிறையப் பேர். 2017 செப்டம்பரில் மன்னர் ஓர் ஆணை போட்டார், 2018 ஜூனில் பெண்கள் ஓட்டத் தொடங்கினார்கள். நிறுத்தும் கை மதகுருமாரிடம் இல்லை. ஆகவே 'மதச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட மன்னராட்சி' என்று நீட்டி எழுதுவதே சரி. எழுத்து கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வாடிகனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். 1929இல் இத்தாலியுடன் செய்த லாட்டரன் ஒப்பந்தத்தில் பிறந்த 44 ஹெக்டேர் நாடு அது, சட்டம் இயற்றுவது, நிர்வாகம், நீதி மூன்றும் போப்பிடம். போப்பாக இருப்பதால்தான் அவர் அரசுத் தலைவர். தாலிபான் ஆட்சியையும் தயங்காமல் இதில் சேர்க்கலாம். திபெத்தில் 1642 முதல் தலாய் லாமாக்களின் பெயரில் நடந்த ஆட்சிக்கும் இந்தச் சொல் பொருந்தும், ஆனால் அங்கே துறவி அதிகாரிகளும் இல்லற அதிகாரிகளும் பதவிகளைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011இல் தலாய் லாமா தமது அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்துவிட்டார், அதனால் தரம்சாலாவில் இருக்கும் புலம்பெயர் நிர்வாகத்துக்கு இன்று இந்தச் சொல்லைப் போடுவது பழைய கணக்கு.

வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி போடும் இடம், 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவா. அதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கால்வின் அங்கே எந்த அரசுப் பதவியும் வகிக்கவில்லை, 1538இல் நகர மன்றம் அவரை வெளியே அனுப்பியது, 1541இல் திரும்ப அழைத்தது, அவருக்குக் குடியுரிமை கிடைத்ததே 1559இல்தான், இறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன். 1553இல், திரித்துவக் கொள்கையை மறுத்த செர்வீட்டஸை எரிக்கத் தீர்ப்பு எழுதியது நகர மன்றம். கால்வினின் செல்வாக்கு அபாரமானது, செர்வீட்டஸ் விஷயத்தில் அவர் பங்கும் பெரியது, ஆனால் செல்வாக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் இன்னும் வேடிக்கை: 1631 முதல் திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வாக்குரிமை, ஆனால் போதகர்கள் அரசுப் பதவிக்கு வருவதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் 'தியாக்ரசி என்று சிலர் அழைக்கும்' என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டு அடுத்த வரியில் நடைமுறையை விளக்கிவிடுங்கள்.

காவி, அங்கி, தலைப்பாகை பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு மதகுரு ஆட்சிக்கு வந்தார் என்பதற்காக அது தியாக்ரசி ஆகாது. சைப்ரஸில் பேராயர் மக்காரியோஸ் 1960இல் முதல் அதிபரானார், 1977இல் இறக்கும்வரை, 1974 கவிழ்ப்பின்போது சில மாதங்கள் தவிர, அவரே அதிபர். கறுப்பு அங்கியும் உயரமான தொப்பியுமாக ஐ.நா.வுக்கும் போனார். ஆனால் அவரை அதிபராக்கியது தேர்தல், பேராயர் பட்டம் அல்ல. அவருக்குப் பின் வந்தவர் பேராயராக இருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் கோரக்நாத் மடத்தின் மகந்த் (தலைவர்) யோகி ஆதித்யநாத் 2017இல் முதலமைச்சரானதற்கும் இதே அளவுகோல்தான். அவர் அரசியலை நீங்கள் ஆதரிக்கலாம், கடுமையாக எதிர்க்கலாம், அதற்குப் பெரும்பான்மைவாதம், மதவாதம் என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. மடத்துப் பதவி மட்டும் அவரை முதலமைச்சராக்கவில்லை, சட்டமன்றப் பெரும்பான்மை ஆக்கியது. இலங்கையில் 2004 தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய என்ற சிங்கள பௌத்தக் கட்சி பிக்குகளை மட்டுமே வேட்பாளர்களாக நிறுத்தி 9 இடங்களைப் பிடித்தது. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அந்த 9 பேரும் மற்றவர்களைப் போல ஆளுக்கு ஒரு வாக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மையான இடம் கொடுக்கிறது, புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. இதனால் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன நேர்ந்தது என்பது பெரிய பேச்சு, அதை இங்கே இரண்டு வரியில் அடக்க நான் முயலப்போவதில்லை. ஆனால் பெயர் வைக்கும்போது 'ஒரு மதத்துக்கு முன்னுரிமை தரும் அரசு' என்றுதான் வைக்க வேண்டும். மகாநாயக்க தேரர்கள் (பௌத்தப் பிரிவுகளின் தலைமைப் பிக்குகள்) ஒரு சட்டத்தை எதிர்த்தால் அமைச்சர்கள் கண்டிக்கு ஓடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது வாக்குக்குப் பயந்து ஓடும் ஓட்டம், சட்டம் அவர்களை ஓடச் சொல்லவில்லை. மதகுருமார் பதவியில் இல்லாமலே அரசியலை இப்படி ஆட்டிவைப்பதற்கு ஐரோப்பாவில் கிளெரிகலிசம் என்று பெயர். பிரான்சில் குடியரசுக் கட்சித் தலைவர் கம்பெட்டா 1877இல் 'கிளெரிகலிசம்தான் நம் எதிரி' என்று முழங்கினார், 1905 சட்டம் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. இந்தச் சொல்லில் ஒரு வழுக்கல் உண்டு, கவனியுங்கள்: போப் பிரான்சிஸ் இதே சொல்லைத் திருச்சபைக்குள்ளேயே, குருக்கள் பொதுநிலையினரை (குருக்கள் அல்லாத விசுவாசிகளை) விடத் தாங்கள் மேலானவர்கள் என்று நடந்துகொள்ளும் மனப்பாங்குக்குப் பயன்படுத்தினார். மேற்கோள் காட்டும்போது யார் பேசுகிறார் என்று பார்க்காவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

சரி, தலைகீழ் என்றதும் பிரிட்டன் நினைவுக்கு வருகிறது. நாடாளுமன்றத்தின் மேலவையில் 26 ஆங்கிலிக்கன் ஆயர்கள் (பிஷப்புகள்) பதவி வழியாகவே உட்கார்ந்திருக்கிறார்கள், மன்னர் இங்கிலாந்து திருச்சபையின் உச்ச ஆளுநர். உடனே 'பாருங்கள், அங்கேயும் தியாக்ரசி!' என்று ஒரு கூட்டம் கிளம்பும். 1927இல் நடந்ததைச் சொன்னால் அடங்கிவிடுவார்கள். திருச்சபை தன் ஜெப நூலைத் திருத்தி, தன் சபைகளில் ஒப்புதல் வாங்கி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மேலவை ஏற்றுக்கொண்டது, கீழவை நிராகரித்தது. சில திருத்தங்களோடு 1928இல் மறுபடி அனுப்பினார்கள், மறுபடி நிராகரித்தது. கோயிலுக்குள் என்ன மந்திரம் சொல்வது என்பதை அரசு முடிவு செய்தது, அதாவது இங்கே அரசின் கைதான் மேலே. இதற்கு எராஸ்டியனிசம் என்று பெயர், ஜெர்மனியின் ஹைடல்பர்கில் இருந்த 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் தாமஸ் எராஸ்டஸின் பெயரால் வந்தது. பாவிகளைச் சபையிலிருந்து விலக்கிவைக்கும் அதிகாரம் குருமாருக்குக் கூடாது, தண்டிப்பது அரசின் வேலை என்று மட்டும்தான் அவர் வாதிட்டார், பின்னால் வந்தவர்கள் அவர் பெயரை இழுத்து நீட்டிவிட்டார்கள். இதைவிடக் கடுமையான வகைக்கு ரஷ்யாவின் முதலாம் பீட்டரைப் பார்க்கலாம். 1721இல் திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் (பேட்ரியார்க்) பதவியையே எடுத்துவிட்டு சினோடு என்ற ஒரு குழுவை அமைத்தார், அடுத்த ஆண்டு அதைக் கண்காணிக்க மதகுரு அல்லாத ஓர் அதிகாரியைப் போட்டார். இது 1917 வரை ஓடியது. இந்த மாதிரிக்கு சீசரோபேப்பிசம் என்ற சொல் புழங்குகிறது.

தமிழ்நாட்டில் அறநிலையத் துறை பற்றிய சண்டைகளிலும் சிலர் தியாக்ரசியை இழுக்கிறார்கள். 1959 சட்டப்படி கோயில் நிர்வாகத்தை மேற்பார்ப்பது அரசு அதிகாரிகள், அர்ச்சகர் நியமனத்தில் பரம்பரை உரிமையை 1971 திருத்தம் நீக்கியது. அது சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள், ஆனால் அர்ச்சகர் அரசை ஆள்வதும் அரசு கோயிலை நிர்வகிப்பதும் எதிரெதிர்த் திசைகள்.

வினாடி வினா பிரியர்களுக்காக ஒரு வார்த்தை: ஆங்கிலத்தில் 28 எழுத்து கொண்ட ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசமும் இந்தக் குடும்பம்தான். ஒரு திருச்சபைக்கு உள்ள அரச அங்கீகாரத்தை நீக்கக்கூடாது என்ற கட்சி அது. அயர்லாந்தில் பெரும்பான்மை கத்தோலிக்கர், அரச அங்கீகாரமோ ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு; பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1869 சட்டத்தால் அதை எடுத்தார், வேல்ஸில் 1920இல் எடுத்தார்கள். கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டு யாரையும் துன்புறுத்த வேண்டாம்.

தமிழில் எழுதும்போது

பல அகராதிகளும் கட்டுரைகளும் தியாக்ரசிக்கு 'இறையாட்சி' என்று கொடுத்துவிட்டுப் போகின்றன. அழகான சொல், ஆனால் இரண்டு பக்கம் இடிக்கிறது. கிறித்தவ வாசகருக்கு, குறிப்பாகப் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் படித்தவருக்கு, இறையாட்சி என்றால் இயேசு அறிவித்தது. 'இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது' என்று ஞாயிறுதோறும் கேட்டவரிடம் போய் 'ஈரானில் இறையாட்சி நடக்கிறது' என்றால் விழிப்பார். இன்னொரு பக்கம், தமிழில் இறை என்பது கடவுள் மட்டும் அல்ல. குறளின் 39ஆம் அதிகாரம் இறைமாட்சி, அது முழுக்க அரசனைப் பற்றியது. கல்வெட்டில் இறையிலி என்றால் வரி இல்லாத நிலம். அரசியலமைப்பு முகப்புரையில் நாம் படிக்கும் இறையாண்மைக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை. கோயில் என்ற சொல்லே அரண்மனைக்கும் வழங்கியதுதான். அரசனையும் கடவுளையும் ஒரே சொல்லில் வைத்துப் பழகிய மொழியில், அவர்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்துக்கு அதே சொல் உதவாது.

நான் செய்வது இதுதான். ஈரான், தாலிபான் என்று வரும்போது 'மதகுருமார் ஆட்சி' என்று எழுதுவேன், யார் ஆள்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது. ஜொசிபஸ், பழைய இஸ்ரவேல் என்று வரும்போது 'கடவுளையே அரசராகக் கொண்ட ஆட்சி' என்று விரித்து எழுதுவேன். கோட்பாடாகப் பேசும்போது தியாக்ரசி என்றே தமிழ் எழுத்தில் போட்டு முதல் முறை மட்டும் விளக்கம் கொடுத்துவிடுவேன். 'மதவாத ஆட்சி' என்று மட்டும் மாற்றாதீர்கள், நம் ஊரில் மதவாதம் என்றால் மதங்களுக்கிடையே பகை மூட்டுவது, அது வேறு வியாதி.

மதகுருமார் என்ற பொதுச் சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும். இலங்கையில் குருக்கள் என்றால் சைவக் கோயிலில் பூசை செய்பவர், கத்தோலிக்கரிடையே அதே சொல் பாதிரியார்களையும் குறிக்கும். ஆயர் என்றால் கத்தோலிக்கருக்கு பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையிலோ பிஷப்பையே பேராயர் என்கிறார்கள், ஆயர் என்றால் ஊர்ச் சபையின் போதகர். மேலவையில் இருக்கும் அந்த 26 பேரை நான் மேலே ஆயர்கள் என்று எழுதியது கத்தோலிக்க வழக்கு. தென்னிந்தியத் திருச்சபை வாசகர்களுக்கு எழுதுவதாக இருந்தால் பேராயர்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஏதோ 26 ஊர்ப் போதகர்கள் லண்டனில் சட்டம் போடுவதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஈரானில் அயதுல்லா, முல்லா இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்: முன்னது உயர்ந்த கல்வித் தகுதி, பின்னது பொதுவான பெயர், சில இடங்களில் கேலியாகவும் ஒலிக்கும்.